இடிட்டராட் தரவில் சராசரி வேகம் பொருந்தவில்லை: கணித ஆசிரியர்களின் உதவி தேவை

அலாஸ்காவில் இடிட்டராட் நாய்வண்டிப் போட்டி மார்ச் முதல் சனிக்கிழமை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், ஆங்கரேஜ் நகரில் நடக்கும் ஆசிரியர் மாநாட்டில் கலந்துகொண்டபின், ஐந்தாம் வகுப்புக்கு வேகம், தொலைவு, நேரம் ஆகியவற்றை அப்போட்டியின் சாவடிப் பதிவுகளைக் கொண்டே (வழியிலுள்ள சாவடிகளில் ஒவ்வோர் அணியும் வந்த, புறப்பட்ட நேரங்கள் குறிக்கப்படும்) கற்பிக்கிறேன். ஒரே இரு சாவடிகளுக்கிடையே ஓர் அணிக்கு மணிக்கு 14 கிலோமீட்டரும் மற்றோர் அணிக்கு 5 கிலோமீட்டரும் வருகின்றன. இரண்டாம் அணியின் நாய்கள் சோர்ந்தவை என்று மாணவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அவை வழியில் வைக்கோல் மேல் படுத்து ஓய்வெடுத்திருக்கும் என்பதால் இது அவற்றுக்கு இழைக்கும் அநீதி.

கட்டாய ஓய்வுகளான 24 மணி நேரம், யூக்கான் ஆற்றுப் பகுதியின் 8 மணி நேரம், வொயிட் மவுண்டன் சாவடியின் 8 மணி நேரம் ஆகியவற்றைக் கழித்துவிட்டேன். இரட்டைப்படை ஆண்டுகளில் வடக்குப் பாதை, ஒற்றைப்படை ஆண்டுகளில் தெற்குப் பாதை என்பதால் ஒரே ஆண்டின் பதிவுகளையே ஒப்பிட்டேன். ஜிபிஎஸ் வரைபடத்தில் அணிகள் நின்ற இடங்கள் தெரிந்தாலும், ஒவ்வோர் அணியையும் வகுப்பில் தொடர நேரம் போதவில்லை. அடுத்த போட்டிக்குமுன் பாடத்தைத் திருத்த வேண்டும்.

சாவடிக்கு வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் மட்டும் வைத்து, இடைவழி ஓய்வைப் பத்து வயதுக் குழந்தைகள் மதிப்பிட எந்த முறை ஏற்றது?