காரணம் சொல்லாத மைனஸ் ஓட்டு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர் (கோவை)

செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் தளங்களில் எழுதுகிற யாரும் மைனஸ் ஓட்டுக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணம் தளத்தில் ஆதரவு ஓட்டும் எதிர் ஓட்டும் இருந்த காலத்திலேயே "மைனஸ் குத்தினது யாரு?" என்று தனிப் பதிவு போட்டவர்கள் உண்டு.

எனக்கு நடந்தது ஓர் ஆங்கிலத் தளத்தில். எங்களுடையது பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கிராமத்து மின்சாரம் பற்றிய ஒரு கட்டுரையின் கீழே, வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கருகும் என்று எழுதினேன். பம்ப் இழுக்கும் சுமை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வோல்டேஜ் குறையும்போது அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும். வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) சூடேறி இன்சுலேஷன் போய்விடும். இப்படிப் பட்டறைக்கு வரும் மோட்டாரைத் திறந்தாலே வார்னிஷ் தீய்ந்த நாற்றம் அடிக்கும். எல்லாச் சுருளும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். சிலது மட்டும் கருகி மீதி நன்றாக இருந்தால், மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் விட்டுப்போனது தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் விளக்கித்தான் எழுதியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மைனஸ் விழ ஆரம்பித்து, எழுத்து சாம்பல் நிறமாக மங்கிவிட்டது. கீழே ஒருவர், "ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும்" என்று ஒரு வரி எழுதினார். ஹீட்டருக்கு அது சரி, ஓடுகிற மோட்டாருக்கு ஆகாது. ஆனால் அந்த ஒரு வரி பிளஸ் வாங்கி மேலே ஏறிக்கொண்டே போனது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "இது தப்பு" என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட உட்கார்ந்து பதில் எழுதியிருப்பேன்.

ஓட்டுப் போட்டவர் பெயர் எனக்கு வேண்டாம். ஆனால் இன்னொருவர் எழுத்தை மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைக்கும் அதிகாரத்தைக் கையில் எடுப்பவர், எதற்காக என்று ஒரு சொல்லாவது விட்டுப்போக வேண்டும். இந்த அதிகாரம் சின்னது என்று யாரும் நினைக்க வேண்டாம். டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில், பிடிக்காத செய்தியைக் கீழே தள்ள 'பரி' (bury, அதாவது புதை) என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தியவர் யார் என்று வெளியே தெரியாது. பிடிக்காத அரசியல் செய்திகளைச் சேர்ந்து புதைப்பதற்கென்றே 'டிக் பேட்ரியட்ஸ்' என்று ஒரு யாகூ குழு நடந்தது 2010 ஆகஸ்டில் அம்பலமானது. அதே மாதம் வந்த புதிய வடிவத்தில் அந்தப் பொத்தானே இல்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மறுமொழி: நிரலாளர், சென்னை

அண்ணா, மோட்டார் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஊரில் எங்கள் தோட்டத்து மோட்டாரும் அப்படித்தான் போனது.

நிரல் கேள்வி-பதில் தளம் ஒன்றில் ஒருவரோடு எனக்கு ஒரு விவாதம். மரியாதையாகத்தான் பேசினோம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி, எப்போதோ எழுதிய என் பழைய பதில்களுக்கெல்லாம் வரிசையாக மைனஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பதில்கள். அவர்தானா என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வேறு யாருக்கு அந்தத் தேவை? அடுத்த நாள் பார்த்தால் எல்லா மைனஸும் திரும்ப எடுக்கப்பட்டிருந்தன. ஒரே ஆள் ஒரே ஆளைக் குறிவைத்துக் குத்தினால் கணினியே கண்டுபிடித்து ரத்து செய்துவிடுகிறது. பெயரை எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை.

இதில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரல் கேள்வி-பதில் தளம் வைத்த விதி எனக்குப் பிடிக்கும். ஒரு பதிலுக்கு மைனஸ் போட்டால் எழுதியவர் தன் மதிப்புப் புள்ளியில் 2 இழப்பார், போட்டவரும் 1 இழப்பார். அதைப் போடவே முதலில் 125 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். கையை விட்டு ஒரு புள்ளி போகிறது என்றால், குத்துவதற்கு முன் பதிலை முழுசாகப் படிப்போம் இல்லையா?

மறுமொழி: ஆசிரியை, மதுரை

மைனஸ் போடுபவர் பெயரை வெளியே காட்டச் சொல்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருந்த ஒரு சின்னத் தளத்தில் யார் எந்த ஓட்டு போட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்களைக் கேவலமாகப் பேசிய ஒரு பதிவுக்கு மைனஸ் போட்டேன். அன்று மாலையே உள்பெட்டியில் "என் பதிவுக்கு ஏன் மைனஸ் போட்டீங்க மேடம்?" என்று வந்தது. பதில் சொல்லவில்லை. அப்புறம் என் ஃபேஸ்புக் பக்கத்தைத் தேடிப்பிடித்து அங்கே வந்து கேட்டார். பிறகு நான் எந்தப் பள்ளியில் வேலை செய்கிறேன் என்பதை ஒரு பின்னூட்டத்தில் போட்டார். அதற்கு மேல் அந்தத் தளத்தில் நான் எந்த ஓட்டும் போடவில்லை. என்னைப் போல இன்னும் சிலரும் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஓட்டுப் போட மிஞ்சியவர்கள் யாருக்கும் பயப்படத் தேவையில்லாத ஆட்கள் மட்டும்தான்.

மறுமொழி: வாசகர், திருச்சி

கூட்டம் தானாகவே சரிசெய்துகொள்ளும் என்பது என் எண்ணம். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில், பின்னூட்டம் விழுந்தவுடனே ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றுக்குப் பிளஸும் சிலவற்றுக்கு மைனஸும் போட்டார்கள். பொய்ப் பிளஸ் வாங்கியவை கடைசியில் சராசரியாக 25 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தன. பொய் மைனஸை மற்ற வாசகர்கள் பிளஸ் போட்டு ஈடுகட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் கவலைப்பட வேண்டியது பொய்ப் பாராட்டைப் பற்றித்தானே?

மறுமொழி: இழையைத் தொடங்கியவர்

திருச்சி நண்பர் சொன்ன ஆய்வில் போட்டது ஒரே ஒரு மைனஸ். அதுவும் பின்னூட்டம் எல்லார் கண்ணிலும் படுகிறபோது. மைனஸ் சேரச் சேர எழுத்து மங்கும், அல்லது மடங்கி உள்ளே போய்விடும் தளங்களில், ஈடுகட்ட வேண்டிய வாசகர் அதைப் பார்க்கவே மாட்டாரே? கும்பலாகச் சேர்ந்து குத்தினால் இன்னும் மோசம்.

மதுரை டீச்சர் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. பெயர் மறைந்தே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே நியாயமும் கேட்க முடியும் என்று ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 1999-லேயே காட்டியது. மட்டுறுத்தும் உரிமை, அதாவது பின்னூட்டத்தின் மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் உரிமை, அப்போது அங்கே எல்லாருக்கும் எப்போதும் கிடைக்காது. சில உறுப்பினர்களுக்கு 5 புள்ளி தருவார்கள், 3 நாளில் செலவழிக்காவிட்டால் போய்விடும். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் தலைப்புக்குச் சம்பந்தமில்லை, சண்டை மூட்டுகிறது, சொன்னதையே சொல்கிறது என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தீர்ப்பு நியாயமா என்று வேறு உறுப்பினர்கள் பார்த்தார்கள். யார் கொடுத்த தீர்ப்பு என்பது அவர்களுக்கும் தெரியாது. தொடர்ந்து அநியாயமாகக் குறைப்பவருக்கு அடுத்த முறை புள்ளி வருவது அரிதாக இருந்தது. லாப்ஸ்டர்ஸ் என்ற கணினிச் செய்திப் பகிர்வுத் தளத்திலும் காரணம் சொல்லாமல் ஒரு பின்னூட்டத்தைக் கீழே இறக்க முடியாது.

இந்தக் காரணப் பட்டியலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "எனக்கு உடன்பாடில்லை" என்பது அதில் கிடையாது. உடன்பாடு இல்லாதவர் கீழே எழுதித்தான் சொல்ல வேண்டும். மோட்டார் பற்றி நான் எழுதியதில் சந்தேகப்பட்டவர்களும் அதைச் செய்திருக்கலாம்.

இங்கே மட்டுறுத்தராக வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். கும்பல் ஓட்டு என்று உங்கள் பக்கம் தெரிய வந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அதைச் சொல்கிறீர்களா, இல்லை ஓட்டை மட்டும் நீக்கிவிட்டு விட்டுவிடுகிறீர்களா?