புதுப்பிப்பு: இமை அறுவை சிகிச்சை முடிந்தது, ஊசியும் மறுபடி தொடங்கியாயிற்று
முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசியும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்; அதனால் அறுவைக் காயத்தில் தொற்று வருமோ என்ற பயம். தொங்கும் மேல் இமைக்கு அழகுக்கான அறுவை எப்போது செய்தால் பாதுகாப்பு என்று முன்பு கேட்டிருந்தேன். "எல்லா மருந்தையும் நிறுத்திவிடுங்கள்" என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் தாமாக அப்படிச் செய்யாதீர்கள்.

மூட்டு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் கலந்து பேசினார்கள். மாத்திரை தொடர்ந்தது. ஊசியில் மட்டும் ஒன்றைத் தள்ளிவைத்து, கடைசி ஊசிக்குப் பிந்தைய மூன்றாவது வாரத்தில் தேதி கொடுத்தார்கள். அந்த நேரத்தில் மருந்தின் வீரியம் குறைந்திருக்கும், ஆனால் நோய் தலைதூக்கும் அளவுக்கு நாளும் ஆகியிருக்காது. மூட்டு மாற்று அறுவைக்கான 2022 அமெரிக்க வழிகாட்டுதலிலும் இதே கணக்குதான். மருந்துக்கு மருந்து இது மாறும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ரிட்டுக்ஸிமாப் ஊசி என்றால் ஏழாம் மாதத்தில் அறுவை, டோஃபாசிட்டினிப் மாத்திரை என்றால் அறுவைக்கு 3 நாள் முன்பு நிறுத்தினால் போதும். ஸ்டீராய்டை மட்டும் திடீரென நிறுத்தவே கூடாது.

முதல் தேதி நெருங்கும்போது கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. உடலில் தொற்று இருக்கும்போது வேண்டாம் என்று சர்ஜன் உடனே அறுவையைத் தள்ளிப்போட்டார். வருத்தம்தான், ஆனாலும் அவர் செய்தது மிகச் சரி.

அப்புறம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. தையல் பிரித்து, காயத்தில் கசிவோ வீக்கமோ இல்லை என்று பார்த்த பிறகே ஊசிக்குச் சம்மதம் தந்தார்கள். இமையோரம் மெல்லிய சிவப்புக் கோடு இருக்கிறது, வலி இல்லை.