ஐயா விட்டுச்சென்ற காணிகளும் ஆதன வழக்கும்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

தொடக்கப் பதிவு (கோண்டாவில்)

எங்கள் ஐயா 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காலமானார். கீரிமலையில் அந்தியேட்டி முடித்துத் திரும்பிய மறுவாரம், அம்மா சுவாமி அறைக்குள் இருந்த தகரப்பெட்டியை முற்றத்து விறாந்தைக்கு இழுத்துவந்து, "இனி இதை நீதான் பிள்ளை பார்க்க வேணும்" என்றார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஐயா தன் சைக்கிளின் பின்புறத்தில் கட்டி உருட்டிச் சென்ற பெட்டி அது. அரிசியை விட்டுவிட்டு அதைக் கொண்டுபோனார் என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். உள்ளே கோண்டாவில் வளவின் முதுசப் பத்திரங்களும், 1984 ஆம் ஆண்டு உரும்பிராயில் வாங்கிய தோட்டக்காணியின் உறுதியும், இரண்டு நிலையான வைப்புச் சான்றிதழ்களும் இருந்தன. மரணசாதனம் (உயில்) எதுவும் இல்லை.

இறந்தவரின் சொத்தை உரித்தாளர்களுக்குச் சேர்ப்பிக்கும் இந்த விடயத்தில் இறங்கவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் நான் கண்டவற்றை எழுதுகிறேன். ஊரில் இதை "ரெஸ்ரமென்ரறி வழக்கு" என்று சொல்வதைக் கேட்டு, நீதிமன்றத்தில் நின்று வாதாடும் ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு நேர்ந்த வேலையின் பெரும்பகுதி, இறந்தவர் இன்னார்தான், அவருடைய பிள்ளைகள் இன்னார்தான், இந்தக் காணி அவருடையதுதான் என்பதை ஒவ்வொரு காகிதமாக நிறுவுவதிலேயே கழிந்தது. நீதிபதியின் முன்னால் நான் நின்ற நேரம் எல்லாமாக அரை மணித்தியாலம்கூட வராது.

முதலில் நாங்கள் வங்கிக்குத்தான் போனோம். ஒரு வைப்பில் ஐயா அம்மாவை நியமனதாரராகப் பதிந்திருந்தபடியால், மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் அம்மாவின் அடையாள அட்டையையும் பார்த்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மற்ற வங்கியிலிருந்த வைப்புக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. அங்கிருந்த அலுவலர் எங்களை மூன்று முறை வெவ்வேறு பத்திரங்களுக்காக அலையவைத்த பிறகே, நீதிமன்றம் தரும் நிருவாகக் கடிதம் இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்று சொன்னார். எழுபத்தெட்டு வயதான அம்மாவை வரிசையில் இருத்திவைத்த அந்த மூன்று நாள்களையும் நான் இன்னும் மறக்கவில்லை. முதல் நாளே அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம்.

சட்டத்தரணி விளக்கியது இதுதான். இறந்தவரின் ஆதனம் 40 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தினூடாக நிருவகிக்கப்பட வேண்டும். மரணசாதனம் இருந்தால் அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் அதனை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் உரித்தாளர்களுள் ஒருவர் நிருவாகக் கடிதம் கேட்டு மனுச் செய்ய வேண்டும். கோண்டாவிலில் ஒரு பரப்புக் காணி இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, நடுத்தரக் குடும்பம் ஒன்றுகூட இந்த எல்லைக்குள் நிற்பது அரிது என்பது விளங்கும். துணைவர் உயிரோடு இருந்தால் அவருக்கே முன்னுரிமை என்பதால், என்னை நிருவாகியாக நியமிப்பதற்கு அம்மா தன் இசைவைச் சத்தியக் கடதாசியில் எழுதிக்கொடுத்தார்.

பிறகு பெயர்ச் சிக்கல் தொடங்கியது. ஐயாவுடைய தந்தையின் பெயர் பிறப்புப் பதிவில் "ஆறுமுகம்" என்றும், 1984 உறுதியில் "ஆறுமுகத்தார்" என்றும், ஓய்வூதியக் கோப்பில் வெறும் முதலெழுத்தாகவும் இருந்தது. மரியாதைக்காக யாரோ ஒரு நொத்தாரிசு சேர்த்த "ஆர்" விகுதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்களை கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் சமாதான நீதவானிடமும் அனுப்பிவைத்தது. இருவரும் ஒருவரே என்ற உறுதிப்படுத்தல் கடிதம் பெறுவதற்கு மட்டும் ஏழு வாரங்கள் சென்றன. உங்கள் பெற்றோர் உயிரோடு இருந்தால், அவர்களுடைய பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் உறுதிகளையும் அடையாள அட்டையையும் ஒரே மேசையில் பரப்பிவைத்து, பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று இன்றே பாருங்கள். அவர்களே கையொப்பமிட்டுத் திருத்தக்கூடிய ஒன்றை, அவர்கள் போன பின்பு நாங்கள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

உரும்பிராய் உறுதியில் வேறொரு பழுது இருந்தது. கறையான் சரியாக அட்டவணைப் பகுதியைத் துளைத்திருந்தது. "வடக்கு" என்ற சொல் நின்றது, வடக்கு எல்லையில் யாருடைய காணி என்பது போய்விட்டது. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியிலும் மூலப்பிரதி வாங்கியவரிடமும், இன்னொரு பிரதி காணிக் கந்தோரிலும், மற்றொன்று நொத்தாரிசிடமும் இருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். காணிக் கந்தோரில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்றோம். பழுப்பேறிய அந்த ஏட்டில் ஐயாவின் கையொப்பத்தை, நடுவயதுக்காரர் ஒருவரின் அழுத்தமான சாய்வெழுத்தில், பார்த்தபோது சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை.

சொத்து விபரத்தில் இரண்டு காணிகளையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதியிருந்த வரைவைச் சட்டத்தரணி திருப்பித் தந்துவிட்டார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட எங்களுக்கு, முதுசம் எது, தேடியதேட்டம் எது என்பது பங்கையே மாற்றிவிடும். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் பதிவித்த வழமையும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1947 இல் வந்த திருத்தமும் இன்றைக்கும் எங்கள் வளவுகளின் மீது நின்று பேசுகின்றன. கோண்டாவில் வளவு ஐயாவுக்குத் தகப்பன் வழியில் வந்த முதுசமாகையால் பிள்ளைகளுக்கு இறங்கியது. உரும்பிராய்க் காணி விவாகத்துக்குப் பின்னர் சம்பளத்தில் வாங்கிய தேடியதேட்டம். உறுதி ஐயாவின் பெயரில் மட்டும் இருந்தாலும், அதில் பாதி அம்மாவுக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்கும் சேர்ந்தது. நான் சீதனம் பெற்றுக் கலியாணம் செய்தவள் என்பதால் என் பெயரை விடலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். பங்கு பற்றிய கேள்வி வேறு, உரித்தாளர் ஒருவரின் பெயரை மனுவில் மறைப்பது வேறு என்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொன்னார்.

இனி எழுதுவதற்குக் கடினமான பகுதி. நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார்; அவருடைய இசைவும், அவருக்காக இங்கே கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமும் அங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தினூடாக வந்துசேர்ந்தன. தம்பி, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. 2010 ஆம் ஆண்டின் மரணங்களைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் தம்பிக்கு மரணப் பதிவு எடுத்தால் வழக்கு இலகுவாகும் என்று பலர் சொன்னார்கள். அம்மா அதற்கு உடன்படவில்லை. நானும் அவரை வற்புறுத்தவில்லை. 2016 இல் அந்தச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெற இடமளிக்கிறது. நாங்கள் அதையே பெற்று மனுவோடு இணைத்தோம். இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. எவராவது உங்களிடம் மரணப் பதிவு ஒன்றே வழி என்று சொன்னால், தயவுசெய்து அதோடு நின்றுவிடாதீர்கள்.

மனு தட்டச்சாகி வந்த நாளில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனுதாரர் நான், 1 ஆம் எதிர்மனுதாரர் அம்மா, 2 ஆம் எதிர்மனுதாரர் அண்ணா, 3 ஆம் எதிர்மனுதாரர் தம்பி. "நான் ஏன் பிள்ளை உனக்கு எதிராளி?" என்று அம்மா கேட்டார். உரித்தாளர் எல்லோருக்கும் அறிவித்தல் போக வேண்டும் என்பதற்காக எழுதும் முறை இது என்று விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டு, மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

பத்திரிகையில் அறிவித்தல் வந்தது; குறித்த திகதிக்குள் எவரும் ஆட்சேபிக்கவில்லை. 2020 இன் ஊரடங்குகளால் தவணைகள் தள்ளிப்போயின. 2021 நவம்பரில் நிருவாகக் கடிதம் கைக்கு வந்தது. அசையாச் சொத்தை விற்பதாயின் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது.

மறுமொழி (கரவெட்டி)

அற்றோணித் தத்துவம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் பட்டதைச் சொல்கிறேன். என் பெரியம்மா இலண்டனில் இருந்தார். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்த அவருடைய காணியைப் பராமரிப்பதற்கு என் பெயருக்கு அற்றோணித் தத்துவம் தந்திருந்தார். அவர் காலமான செய்தி வந்து இரண்டு வாரங்களின் பின், ஏற்கெனவே பேசிமுடித்திருந்த குத்தகை ஒப்பந்தத்தில் நான் கையொப்பமிட்டுவிட்டேன். கொடுத்தவர் இறந்தவுடனேயே அந்தத் தத்துவம் அற்றுப்போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. காசு வாங்கிய நோக்கம் கெட்டதல்ல; அந்தப் பணத்தை அவருடைய கிரியைகளுக்கே செலவிட்டேன். ஆனாலும் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிந்து, குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெரியம்மாவின் மகன் நிருவாகக் கடிதம் பெறும்வரை காணியைத் தரிசாக விட நேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகளைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்வரை அவருக்காகக் கையொப்பமிடலாம். அவர் போய்விட்டால் அவருடைய ஆதனம் நீதிமன்றத்தினூடாகத்தான் பேச முடியும்.

மறுமொழி (சங்கானை)

எங்கள் மாமா தன் கைப்பட நீளத்தாள் ஒன்றில் மரணசாதனம் எழுதி, அயலவர் இருவரைக் கொண்டு கையொப்பம் வாங்கி, திருவாசகப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் இல்லாத அவர், தன்னைக் கடைசிவரை பராமரித்த மருமகளுக்கு வீட்டைக் கொடுப்பதாக அதில் தெளிவாக எழுதியிருந்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனபோதுதான், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சிகள் போதும், நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும் என்று அறிந்தோம். இன்னும் மூன்று அயலவர் வேலிக்கு மற்றப் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் வேகிறது.

சட்டப்படி அந்தத் தாளுக்கு வலு இல்லாமற் போனதால், மாமா மரணசாதனமின்றி இறந்தவராகவே கொள்ளப்பட்டார். வீடு அவருடைய சகோதரங்களுக்குப் போனது. அவர்களுள் மூத்தவரான என் தாயார் எல்லோரையும் ஓர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, மாமாவின் எழுத்தை உரக்க வாசித்தார். நிருவாகம் முடிந்த பின்னர் நால்வரும் தங்கள் பங்குகளை அந்த மருமகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுத்தார்கள். ஒருவர் மறுத்திருந்தாலும் எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது. கோண்டாவில் சகோதரி, உங்கள் வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? தம்பியின் பங்குக்கு என்ன நடந்தது?

மறுமொழி (கோண்டாவில்)

கேட்டமைக்கு நன்றி. மதிப்பீட்டோடு சொத்துப்பட்டியல் சமர்ப்பித்து, வங்கியிலிருந்த வைப்பை மீட்டு, செலவுகளைக் கழித்து, இறுதிக் கணக்கையும் கொடுத்துவிட்டோம். மரணவரி 1985 இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் அந்தச் சுமை எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் ஒட்டிவைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. கிரியைச் செலவின் சீட்டுகளைக்கூட எறியாதீர்கள்.

உரும்பிராய்க் காணியில் அம்மாவின் பாதி அம்மாவுக்கே. மற்றப் பாதியில் மூவருக்கும் ஆறில் ஒன்று வீதம் கணக்கில் காட்டியிருக்கிறோம். தம்பியின் பங்கை எவரும் எழுதி வாங்கவில்லை. விற்கும் யோசனையும் இல்லை. அண்ணா தன் பங்கை எனக்குத் தருவதாகச் சொன்னபோது, தம்பி வந்த பிறகு மூவரும் சேர்ந்து பேசுவோம் என்று அம்மா சொல்லிவிட்டார். இந்த வருடமும் தை பிறந்ததும் அவரே ஆள் பிடித்து, கிடுகு வாங்கி, நாலு பக்கமும் வேலி அடைப்பித்தார்.