ஏழையை நடத்தும் விதம்தான் இறைவனை மதிக்கும் விதமா?

கெடிலக்கரையான்

சென்ற மாதம் ஒரு கோயிலின் அன்னதானக் கூடத்தில் கண்ட காட்சியிலிருந்து தொடங்குகிறேன். கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது அந்தக் கோயிலில் மட்டும் நடப்பதும் அன்று. உச்சிக்காலப் பூசை முடிந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் அழுக்கு வேட்டியும் சடை விழுந்த தலையுமாக ஒரு முதியவர் நின்றிருந்தார். சீட்டுக் கொடுத்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "இது சாமி கும்பிட வந்தவர்களுக்கான சாப்பாடு, நீ தினமும் சாப்பிட மட்டும் வருகிறவன்" என்று விலக்கிவிட்டு, பின்னால் நின்ற என்னிடம் சிரித்த முகத்துடன் சீட்டை நீட்டினார். காலைச் சிற்றுண்டியை வயிறாற உண்டுவிட்டு வந்திருந்த நான் அதை வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்து இது: ஒருவர் இறைவனை உண்மையில் என்னவாகக் கருதுகிறார் என்பதை அறிய அவருடைய பூசையறையைப் பார்க்க வேண்டியதில்லை, அவர் ஏழையிடம் பேசும் குரலைக் கேட்டால் போதும். படமாடும் கோயிலில் உள்ள இறைவனுக்கு ஈந்தது நடமாடும் கோயிலாகிய மனிதருக்குச் சேராது, நடமாடும் கோயிலுக்கு ஈந்ததோ இறைவனுக்கும் சேரும் என்று திருமூலர் பாடியிருக்கிறார். வள்ளலார் இன்னும் வெளிப்படையாக, ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி, அணையா அடுப்பையும் ஏற்றி வைத்தார். மாற்றுக் கருத்து உடையோர் வாதிட வேண்டுகிறேன்.

திருமுறை மாணாக்கன்

அந்த முதியவருக்கு நேர்ந்தது தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தாங்கள் அதற்குத் துணையாக அழைக்கும் திருமூலர் தாங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. அந்தப் பாடல் திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் 'மாகேசுர பூசை' என்னும் பகுதியில் வருகிறது. மாகேசுரர் என்றால் சிவனடியார். எனவே 'நடமாடக் கோயில் நம்பர்' என்பது திருநீறும் உருத்திராக்கமும் தரித்து நடமாடும் அடியாரையே குறிக்கும். பசித்தவர் எல்லாரையும் குறிக்காது. மேடைப் பேச்சாளர்கள் பலகாலமாக அந்தப் பாடலை அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து மக்கள் தொண்டுக்கான முழக்கமாக ஆக்கிவிட்டார்கள்.

பெரிய புராணமும் அவ்வாறே. இளையான்குடி மாறனார் நள்ளிரவு மழையில் வயலுக்குச் சென்று, பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்து சமைத்தது, வந்தவர் அடியார் என்பதற்காக. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அமுது செய்வித்ததும் அடியார் கூட்டத்துக்கே. (சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் (மாற்றுக் கழிவு) பிடித்ததால் அவருடைய மடத்தில் பந்தி தாமதமாயிற்று என்பதையும், அவர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடிய பிறகே நல்ல காசு வந்தது என்பதையும் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை வரும்.)

இதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. ஏழைக்குச் செய்வதே வழிபாடு என்றால், கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஏழைக்கு உதவுகிறவரும் பக்தராகிவிடுகிறார், ஒரு வேளையும் தவறாமல் தேவாரம் ஓதும் வறிய ஓதுவார் கொடுக்க ஒன்றும் இல்லாத காரணத்தால் பக்தி குறைந்தவராகிவிடுகிறார். அப்படியானால் 'கடவுள்' என்னும் சொல்லுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?

கேள்விக்குறி

மாணாக்கரின் கடைசி வினாவுக்கு என் விடை: ஒரு வேலையும் இல்லை. "கடவுளை மற, மனிதனை நினை" என்று பெரியார் சொன்னது அதனால்தான்.

கெடிலக்கரையாருக்கு நான் சொல்ல விரும்புவது சற்று நீளமானது. அந்த முதியவரைச் சாமியின் உருவமாகப் பார்த்திருந்தால் சீட்டுக் கிடைத்திருக்கும் என்கிறீர்கள். அவரை மனிதராக மட்டும் பார்த்தால் போதாதா? ஏழைக்குள் கடவுளைக் காண்கிறேன் என்கிறவர் ஏழையைப் பார்ப்பதில்லை, அவரை ஊடுருவித் தம்முடைய புண்ணியத்தையே பார்க்கிறார். கருங்கல்லில் பெயர் வெட்டிக்கொண்டு கொடுக்கப்படும் கோயில் அறக்கட்டளைகளும், பிறந்தநாளில் இலை போட்டு ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அந்தப் பார்வையின் பிள்ளைகள். புண்ணியம் சேர்க்க ஏழை வேண்டும் என்றால், ஏழை இல்லாமற் போவதை அந்த அறம் எப்படி விரும்பும்?

வள்ளுவர் இரண்டு இடங்களில் உங்கள் கட்சிக்கு எதிராக நிற்கிறார். மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்று 222ஆம் குறளில் கூறி, கைம்மாறாகச் சொர்க்கத்தை எதிர்பார்ப்பதையே அறுத்துவிடுகிறார். 1062ஆம் குறளிலோ, இரந்துதான் ஒருவர் உயிர்வாழ வேண்டும் என்றால் 'பரந்து கெடுக உலகியற்றி யான்' என்று படைத்தவனையே சபிக்கிறார். ஏழையின் நிலை கடவுளைப் பற்றி ஏதேனும் சொல்கிறது என்றால், அந்தக் குறள் சொல்வதைத்தான் சொல்கிறது.

1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் எந்தக் குழந்தையிடமும் பக்தி உண்டா என்று கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசியை உரிமையாக்கியது. உரிமை வந்த இடத்தில் ஏற இறங்கப் பார்ப்பதற்கு இடமில்லை.

பந்திக்கரண்டி

ரேஷன் கடை வரிசையில் நின்றவர் யாரும் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார், ஐயா.

நாசரேத்தூரான்

நான் கிறித்தவன் என்பதால் திருமந்திரச் சண்டையில் எனக்கு இடமில்லை. ஆயினும் கேள்விக்குறி அவர்கள் எழுப்பிய மறுப்புக்கு எங்கள் மறையில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன்.

நீதிமொழிகள் 14ஆம் அதிகாரம் 31ஆம் வசனம், தரித்திரனை ஒடுக்குகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான் என்கிறது. இங்கே ஏழை கடவுளின் வேடம் அல்லர். அவர் ஏழையாகவே இருக்கிறார். குயவரின் கண்முன்னே அவர் செய்த பானையை உதைப்பவன் குயவரையே அவமதிக்கிறான் அல்லவா? அந்த அளவில்தான் வசனத்தின் பொருள் நிற்கிறது. உதைத்தவன் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறானா என்பது அங்கே பொருட்டே இல்லை.

அடுத்து, மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சி. "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்று அரசர் சொல்லும்போது, கொடுத்தவர்கள் மகிழ்ந்து தலையாட்டவில்லை, "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைத்துக் கேட்கிறார்கள். அதாவது, கொடுத்த நேரத்தில் அவர்கள் கண்டது பசித்த மனிதரை மட்டுமே. புண்ணியக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் திகைப்பு வந்திருக்காது. கேள்விக்குறி கேட்கும் பார்வை அதுதானே?

வழிபாடு என்ன ஆகும் என்று திருமுறை மாணாக்கர் கேட்டதற்கு, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் யோவான் கிறிசொஸ்தோம் ஆற்றிய மறையுரை ஒன்றை நினைவூட்டலாம். ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அவர் குளிரில் ஆடையின்றி நடுங்குவதைக் கண்டும் காணாமல் போகாதீர்கள் என்றார் அவர். பொற்பாத்திரங்களைக் கொடுக்க வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. முதலில் பசியைத் தீருங்கள், மீந்ததைக் கொண்டு பீடத்தை அலங்கரியுங்கள் என்று வரிசையை மாற்றினார். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆலயக் கோபுரங்கள் போட்டி போட்டுக்கொண்டு உயர்வதைப் பார்க்கும்போது அந்த மறையுரையை ஒருவரும் படிப்பதில்லை என்றே தோன்றுகிறது.

காயல்வாசி

உரிமையையும் இறைப்பற்றையும் கேள்விக்குறி அவர்கள் எதிரெதிரே நிறுத்துவதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். குர்ஆனின் 70ஆம் அத்தியாயம், இறைநம்பிக்கையாளரின் செல்வத்தில் கேட்பவருக்கும் வறியவருக்கும் 'உரிமை' இருப்பதாகவே கூறுகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்கப்படும் ஸகாத் தயவு அன்று, கடன். 107ஆம் அத்தியாயம் இன்னும் கடுமையானது: மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் யார் என்று கேட்டு, அனாதையை விரட்டுபவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் காட்டுகிறது, தொழுகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வருகிறது.

கெடிலக்கரையான்

திருமுறை மாணாக்கருக்கு நன்றி. மாகேசுர பூசைப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். தாங்கள் சொன்னது சரி. அந்தப் பாடலை என் வாதத்திலிருந்து திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அதே திருமூலர் முதல் தந்திரத்தில் 'ஆர்க்கும் இடுமின் அவரிவர் என்னன்மின்' என்று பாடியிருக்கிறாரே, அதற்கு என்ன பொருள் கொள்கிறீர்கள்? யாருக்கும் இடுங்கள், இவர் அவர் என்று பிரிக்காதீர்கள் என்னும் அந்த அடியில் அடியார் என்ற சொல்லே இல்லை. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தலில், தாகத்தோடு வந்தவரின் நெற்றியைப் பார்த்தா தண்ணீர் ஊற்றினார்கள்?

வள்ளலாரிடம் இந்த ஐயத்துக்கே இடமில்லை. பசித்தவருடைய தேசம், சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை விசாரிக்காமல் பசியை நீக்க வேண்டும் என்று அவர் எழுதினார். வடலூருக்குச் சென்றவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞானசபைக்குள் செல்ல, கொலையையும் புலாலையும் தவிர்த்தவராக இருக்க வேண்டும் என்னும் விதி உண்டு. தருமச்சாலைக்கு அந்த விதி இல்லை; புலால் உண்பவருக்கும் பசியை மட்டும் நீக்கலாம் என்பதே அவர் வகுத்த நெறி. சபைக்கு நிபந்தனை வைத்தவர் சோற்றுக்கு வைக்கவில்லை. சாலையைத் தொடங்கியதும் சபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகத்தான். நான் கண்ட கோயிலிலோ சந்நிதிக்குள் எவரும் போகலாம். சோற்றுக்குத்தான் பக்தி கேட்டார்கள்.

திருமுறை மாணாக்கன்

'ஆர்க்கும் இடுமின்' என்பது அறத்தைப் பற்றிய பாடல். மாகேசுர பூசை பக்தியைப் பற்றியது. இரண்டும் வேண்டும் என்பதே சைவத்தின் நிலை. ஒன்றை மற்றொன்றாக்கிவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன். அறத்தில் தவறியவனுடைய பக்தி பழுதுபட்டது என்று தாங்கள் சொன்னால் உடன்படுவேன். அறம் செய்துவிட்டால் பக்தி தேவையில்லை என்று சொன்னால் உடன்பட மாட்டேன். ஏழையை விரட்டியவன் இறைவனை அறியவில்லை என்பதிலிருந்து, ஏழைக்கு இட்டவன் இறைவனை அறிந்துவிட்டான் என்பது தருக்கப்படி பெறப்படாது.

கேள்விக்குறி

அந்தத் தருக்கத்தை ஏற்கிறேன். நாசரேத்தூரார் காட்டிய திகைப்பும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தாம் யாருக்குக் கொடுத்தோம் என்று அறியாதவர்களே அதில் தேறுகிறார்கள் என்றால், அந்தக் கதையை ஒரு முறை படித்துவிட்ட எவரும் இனி அப்படி அறியாமல் கொடுக்க முடியாதே?

நாசரேத்தூரான்

அதற்கு என்னிடம் விடை இல்லை. போதகரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

பந்திக்கரண்டி

நான் பதினோரு ஆண்டுகளாக ஓர் அன்னதானக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் பரிமாறி வருகிறேன். நீங்கள் எல்லாரும் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே இலை போட்ட பிறகு நடப்பவற்றை நீங்கள் பார்த்ததில்லை.

நல்ல புடைவை கட்டியவர் இலையில் பொரியலை வைக்கும்போது கரண்டி நிறைந்திருக்கும். கந்தலின் முன் அதே கரண்டி தானாகவே சரிந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கைக்குத் தெரிகிறது. முதல் ஆண்டு என் கையும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை சோறு வைக்கும்போது ஒருவரிடம் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றும் மற்றொருவரிடம் "போதுமா?" என்றும் கேட்போம். ஏறத்தாழ ஒரே பொருளுடைய இரண்டு கேள்விகள்தாம். ஆனால் இரண்டாவதைக் கேட்டவுடன் பசித்தவர் 'போதும்' என்று இலையை மூடிவிடுவார். இதை ஒரு மூதாட்டி என்னிடம் நேரடியாகச் சொன்னார்: "போதுமான்னு கேட்டா, போதும்னுதானே அம்மா சொல்லணும்." அன்றிலிருந்து நான் கேட்பதையே விட்டுவிட்டு, கையால் மறிக்கும் வரை போடுகிறேன்.

இது பக்தியா, அறமா, உரிமையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் திருமுறை மாணாக்கர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: தங்கள் மன்றத்தின் குருபூசையில் ஏழைகளுக்கும் இலை போடுவதாக முன்பு ஒரு விவாதத்தில் எழுதியிருந்தீர்கள். அவர்கள் எந்தப் பந்தியில் அமர்கிறார்கள்?

திருமுறை மாணாக்கன்

இரண்டாம் பந்தியில், அம்மா. முதல் பந்தி அடியார்களுக்கு உரியது. மாகேசுர பூசையின் முறை அது, அதை மாற்ற எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் இரண்டாம் பந்திக்கு வடை வராது, பாயசத்தில் தண்ணீர் சேரும். அதற்கு எந்த ஆகமத்திலும் சான்று இல்லை. வரும் மாசி மாதக் குருபூசைக்கு மளிகைப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. இரண்டு பந்திக்கும் ஒரே கணக்காக எழுதுகிறேன்.

பந்திக்கரண்டி

வடையை முன்கூட்டியே எண்ணித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஐயா. பட்டியலில் இருந்தாலும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும்.