டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: பயண நேரம் கணக்குல வரமாட்டேங்குது, உதவுங்க

வழித்துணை:
வணக்கம். ஜூன்ல அப்பாவை டோக்கியோவுல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் கூட்டிட்டுப் போறேன். 78 வயசு, முழங்கால் வலி. எத்தனை மணி நேரம் உட்காரணும்னு தெரிஞ்சா நடுவுல எழுப்பி நடக்க வைக்கலாம்னு எக்செல்ல கணக்குப் போட்டேன். மாலை 5-க்குக் கிளம்பி, அதே தேதி காலை 11-க்கு இறங்குது. கழிச்சா கட்டம் முழுக்க ####. தூரமும் இடிக்குது. ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையை வச்சு உருண்டை மேல தூரம் சொல்ற ஹாவர்சைன் சூத்திரத்துல 1,960 கி.மீ.தான் வருது. பசிபிக்கைத் தாண்ட இவ்வளவுதானா? டிகிரியை ரேடியனா மாத்தியாச்சு.

கடல்மைல்:
தீர்க்கரேகையை 118.4னு போட்டிருப்பீங்க. அது மேற்கு, -118.4 போடணும். மைனஸ் இல்லாம போட்டா அந்தப் புள்ளி கிழக்குச் சீனாவுல விழும்.

வழித்துணை:
அதேதாங்க! இப்ப 8,800-ஐ ஒட்டி வருது. ஆனா ரெண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அதை ஒட்டியே நேரா கிழக்கே போனா 9,300 வருதே?

கடல்மைல்:
8,800தான் சரி. உருண்டைல ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, அது வடக்கே 48 டிகிரி வரை ஏறி இறங்கும். தட்டையான மேப்ல வளைவாத் தெரியுற அதுதான் குறுக்குவழி.

நேரத்துக்கு, ரெண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாத்துங்க. டோக்கியோ மாலை 5 = யூடிசி காலை 8. ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ் காலை 11 = யூடிசி மாலை 6. ஆக 10 மணி நேரம். எக்செல்ல கழிச்சதோட ரெண்டு ஊருக்கும் உள்ள 16 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டணும். அங்க ஒரு நாள்தான் 1, அதனால 16-ஐ அப்படியே கூட்டாம 16/24 கூட்டுங்க.

வழித்துணை:
10 வந்துருச்சு, ரொம்ப நன்றி! திரும்புறது நவம்பர் 20. காலை 11-க்குக் கிளம்பி மறுநாள் மாலை 4-க்கு டோக்கியோ. 29-ல 16 கழிச்சா 13. போகும்போது 10, வரும்போது 13ஆ?

மேகத்துக்குமேல்:
13 இல்ல, 12. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி பின்னால வைப்பாங்க, ஜப்பான்ல மாத்த மாட்டாங்க. அதனால வித்தியாசம் 17 ஆயிடும்.

மிச்ச 2 மணி நேரம் காத்தால வர்றது. சுமார் 10 கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற பலத்த காத்து ஓடுது, குளிர்காலத்துல இன்னும் வேகமா. விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும்னு சொல்றது, சுத்தியுள்ள காத்தை வச்சு அளந்த வேகம். தரைக்கு மேல நகர்ற வேகத்துல போகும்போது காத்தைக் கூட்டணும், வரும்போது கழிக்கணும்.

இன்னொண்ணு, டிக்கெட்ல இருக்கிறது விமானம் கேட்டை விட்டு நகர்ந்து அடுத்த கேட்ல நிக்கிற வரைக்கும்தான். அப்பா அதுக்கு முன்னாடியே ஏறி உட்கார்ந்திருப்பார், அரை மணி நேரம் சேர்த்துக்கோங்க. நடைபாதை ஓரத்து சீட் வாங்குங்க. அழுத்தம் தரும் காலுறை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

வழித்துணை:
திரும்புறதுக்கு ஜன்னல் சீட் போட்டிருந்தேன், இப்பவே ஓரத்துக்கு மாத்திட்டேன். டாக்டரை வியாழக்கிழமை பார்க்குறோம்.