ஏலகிரி ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை – அவசர உதவி தேவை

வாலாஜாக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று குடும்பத்துடன் ஏலகிரிக்குச் சென்றபோது, பொன்னேரியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் வண்டி சோர்ந்துவிட்டது. நான்காவது வளைவுக்குப் பின் ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்தும் இரண்டாவது கியரில்கூட இழுக்கவில்லை. பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் மாமனாரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டும். என்ன பார்க்கலாம் என்று உடனே சொல்லவும்.

சேண்பாக்கம்:
எந்த வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எதையுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். முதலில் இதைச் சொல்லுங்கள்: எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஏறியும் வேகம் ஏறவில்லையா, அல்லது முள்ளே ஏறவில்லையா? முள் மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். முள்ளும் படுத்துவிட்டால் எஞ்சினுக்குக் காற்றோ எரிபொருளோ போதவில்லை.

ஆம்பூர் டீசல்:
கேள்வியே வேண்டாம், இது டீசல் ஃபில்டர்தான். சமவெளியில் எஞ்சின் கேட்பது கொஞ்சம் டீசல் என்பதால் அடைத்த ஃபில்டரும் ஈடுகொடுத்துவிடும். ஏற்றத்தில் கேட்கும் அளவு கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாகத் தெரியும்.

மலைராஜா:
இதே ஐயத்துக்கு இங்கே நான் பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எனவே எஞ்சினின் வலுவும் குறைகிறது. இது எட்டாம் வகுப்பு அறிவியல். வண்டியில் பழுதே இல்லை, ஓட்டுநரிடம்தான் இருக்கிறது. முதல் கியரைப் போட்டு ஏறியிருக்க வேண்டும்.

சேண்பாக்கம்:
ஐயா, ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 9 சதவீதம்தான் குறையும். ஏலகிரி அதைச் சற்றே தாண்டும் மலை. மொத்தமுள்ள 14 வளைவுகளில் நான்காவதிலேயே ஒரு நல்ல வண்டி படுத்துக்கொள்ள அந்தக் குறைவு போதாது. தவிர, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உள்ள வண்டியானால் அந்த இழப்பின் பெரும்பகுதியை டர்போவே சரிக்கட்டிவிடும்.

வாலாஜாக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2014ஆம் ஆண்டு மாடல், 1.3 லிட்டர் டீசல், டர்போ உண்டு, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முள் 2,000-க்கு மேல் ஏறவில்லை. ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் இரண்டு மாதத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டன. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு எரர் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணாடியை இறக்கியிருந்தபோது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பின்னால் கரும்புகை வந்ததாக மனைவி சொல்கிறார்.

சத்துவாச்சாரி பட்டறை:
தம்பி, அந்தச் சத்தத்தையும் புகையையும் முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். சென்சார் அளந்து அனுப்பிய காற்று வழியில் வெடிப்பின் வழியே வெளியேறிவிட, அளந்த காற்றுக்கு உரிய டீசல் மட்டும் முழுதாக உள்ளே போவதால் எரியாமல் கரும்புகையாகிறது. வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி இருக்கும். எஞ்சின் நின்றிருக்கையில் உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஆறியபின் கைவிரலை அடியில் கொடுத்துத் தடவுங்கள், பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால் அதுதான் இடம். பிறகு ஹோஸைக் கழற்றி இரு கைகளாலும் வளைத்தால் வாய் திறந்து காட்டிவிடும். எரர் வரவில்லை என்பதற்காகப் பழுது இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மலைராஜா:
ஹோஸ் இருக்கட்டும். முதல் கியரில் ஏறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஜவ்வாது மலைக்குப் பல ஆண்டுகளாக ஓட்டுபவன் சொல்கிறேன்.

ஆம்பூர் டீசல்:
ஏலகிரிப் பாதை முழுவதையும் முதல் கியரில் ஏறினால் எஞ்சின் சூடேறி ரேடியேட்டர் கொதிக்கத்தான் செய்யும். வளைவில் இரண்டாவது, நேர்ப்பகுதியில் மூன்றாவது என்பதே முறை. இறங்கும்போதுதான் சிறிய கியர் வேண்டும், இல்லையென்றால் பிரேக் தீய்ந்துவிடும்.

மலைராஜா:
கொதிக்கிறது என்றால் கூலன்ட் பார்க்காத வண்டி என்று பொருள். நான் சொன்னது முதல் கியரிலேயே உச்சி வரை போகச் சொல்லி அல்ல, படிப்பவர்கள் ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

சேண்பாக்கம்:
மேலே நீங்கள் எழுதியது ‘முதல் கியரைப் போட்டு ஏறியிருக்க வேண்டும்’ என்பதுதான், ஐயா. இருவரும் தனி இழை தொடங்குங்கள். ஹோஸைப் பார்த்தாரா என்பதுதான் இங்கே கேள்வி.

வாலாஜாக்காரன்:
பார்த்தேன். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு வரும் ஹோஸின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. மாற்றியாயிற்று. நேற்று மாமனாருடன் மேலே போய்வந்தோம், புகையும் இல்லை, சத்தமும் இல்லை. நன்றி.

ஆம்பூர் டீசல்:
மகிழ்ச்சி. இருந்தாலும் டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்துப் பார்த்தீர்களா?