அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய எவர்சில்வர் தகடு 5 மாதத்தில் துருப்பிடித்துவிட்டது, மறுபடி என்ன வாங்கலாம்?

கடற்கரைச்சாலை:
தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு, ஜன்னலைத் திறந்தாலே உப்புக்காற்று. தை மாதம் அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க 5 அடிக்கு 2 அடி எவர்சில்வர் தகடு வாங்கி நானே வெட்டி ஒட்டினேன். கடையில் 304 கிரேடு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் பில்லில் வெறும் எஸ்.எஸ். ஷீட் (எவர்சில்வர் தகடு) என்று மட்டும்தான் இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்குதான் என்று நம்பிவிட்டேன். ஆனி பிறப்பதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புள்ளிகள் வந்துவிட்டன. அம்மா தினமும் துடைக்கிறார்கள், துடைத்த இடத்தில் இரண்டு நாளில் மறுபடி வருகிறது. தகடு மெல்லியது, 0.5 மிமீ இருக்கும், வெளிச்சம் பட்டால் அங்கங்கே அலை அலையாகவும் தெரிகிறது. கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று இருக்கிறேன். என்ன கிரேடு, எத்தனை கேஜ் (தகட்டின் கனம்), வீட்டிலேயே வெட்டலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சிங்க்குக்குக் கீழே வைக்க ஒரு தட்டும் மடித்துச் செய்ய ஆசை.

பட்டறை கோவை:
தம்பி, முதலில் காந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். காந்தம் ஒட்டினால் அது பெரும்பாலும் 430 கிரேடு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லாத வகை. ஒட்டாவிட்டால் 304 என்று அர்த்தம் இல்லை, 202 என்ற மலிவு கிரேடு கூட ஒட்டாது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசு சேர்க்கிறார்கள், அதனால்தான் விலை குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொரு பக்கம், நல்ல 304 தகட்டையே மடித்தால் அந்த மடிப்பில் மட்டும் காந்தம் லேசாக இழுக்கும், அதைப் பார்த்து பயந்து திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. தகட்டின்மேல் ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டு 9 வோல்ட் பேட்டரி வைத்து நிறம் பார்க்கும் டெஸ்ட் பழைய இரும்புக் கடைகளில் இருக்கும், மாங்கனீசு அதிகமா என்று அதில் தெரிந்துவிடும். பழைய தகட்டில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஆனால் கடைக்காரர்மேல் பழி போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். எதை வைத்து வெட்டினீர்கள்? புள்ளிகள் ஓரத்திலா, நடுவிலா? சமையலறைத் தரையை எதை ஊற்றிக் கழுவுகிறீர்கள்?

கடற்கரைச்சாலை:
அண்ணா, வெட்டியது என் 4 இஞ்ச் கிரைண்டரில், அதற்கு முந்தின வாரம் மாடி கிரில்லை வெட்டிய அதே டிஸ்க்தான். துரு ஓரங்களில் அதிகம், நடுவிலும் பொரிபொரியாக இருக்கிறது. தரைக்கு மாதம் ஒருமுறை டைல் ஆசிட் ஊற்றிக் கழுவுவோம். தகட்டின்மேல் ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை.

பட்டறை கோவை:
நான் நினைத்ததுதான். இரும்பு வெட்டிய டிஸ்க்கில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். எவர்சில்வரை வெட்டும்போது அது ஓரத்தில் பதிகிறது, தீப்பொறியோடு பறந்து நடுவிலும் போய் ஒட்டுகிறது. முதலில் துருப்பிடிப்பது அந்த இரும்புத் துகள்தான், தகடு இல்லை. ஆனால் அப்படியே விட்டால் அதன் அடியில் உப்பும் ஈரமும் தங்கித் தகட்டையே குழி போட ஆரம்பிக்கும். அப்புறம் அந்த ஆசிட். டைல் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தகட்டின்மேல் ஊற்றவே வேண்டாம், அந்த ஆவி மூடிய சமையலறைக்குள் எழுந்து தகட்டில் படிந்தாலே போதும், 304 கூடத் தாங்காது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன்மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம், அது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. குளோரைடு அதைத்தான் உடைக்கிறது. கடல்காற்றில் இருப்பதும் அதே குளோரைடுதான், நீங்கள் ஆசிட்டில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். பிளீச்சிங் பவுடருக்கும் இதே கதை.

கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, துணியில் நனைத்து புள்ளிகளின்மேல் அரை மணி நேரம் போட்டு வைத்து, நைலான் நாரால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு நார் கூடவே கூடாது. மேலோட்டமான துரு என்றால் போய்விடும், விரலால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் அந்தத் தகடு முடிந்தது.

அடுக்களை நாகர்கோவில்:
எங்கள் வீட்டுக்கு ஆறு வருடம் முன்னால் நாங்களே செய்தோம், நானும் என் கணவரும். சமையலறைக்குள் 304 போதும் தம்பி, தினமும் நல்ல தண்ணீரில் துடைத்தால். கடலைப் பார்த்த வெளிச்சுவர், மொட்டைமாடிக் கைப்பிடி என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 போடுங்கள், அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. கண்ணாடிபோல் மின்னும் தகடு வாங்காதீர்கள், ஒவ்வொரு விரல்தடமும் தெரியும், நீங்கள் சொன்ன அலையும் அதில்தான் அதிகம் தெரியும். மேட் ஃபினிஷ் வாங்கி, அதில் இருக்கும் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாக வரும்படி ஒட்டுங்கள், தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும். அதற்கு 5 அடி அகலத்தில் ஒரே துண்டாக எடுக்க முடியாமல் போகலாம், ஏனென்றால் கோடு தகட்டின் நீளவாக்கில்தான் ஓடும், கடையில் வரும் 8 அடிக்கு 4 அடித் தகட்டின் அகலமே 4 அடி. நாங்கள் இரண்டு துண்டாக வைத்து நடுவில் இணைப்பு கொடுத்தோம், அசிங்கமாக இல்லை.

அலைக்குக் காரணம் கனம் மட்டும் இல்லை, பின்னால் ஒட்டிய விதமும்தான். புள்ளி புள்ளியாகப் பசை வைத்தால் அப்படித்தான் வரும். எங்கள் சுவரில் முதலில் சிமென்ட் போர்டு அடித்து, அதன்மேல் சிலிக்கானை வரிவரியாகப் போட்டு ஒட்டினோம். சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள், வினிகர் வாடை அடிக்கும் சாதா வகை அமிலம் விடும். தகட்டின்மேல் ஒட்டி வரும் பிவிசி ஃபிலிமை ஓரங்களில் மட்டும் உரித்துவிட்டு வேலை செய்து, எல்லாம் முடிந்ததும் முழுவதையும் உரித்துவிடுங்கள். அடுப்புச் சூட்டில் விட்டுவைத்தால் பசை தகட்டிலேயே இறுகிவிடும்.

திருகாணி மதுரை:
கேஜ் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க் கடைகளில் கேஜ் எண் ஏறினால் கனம் இறங்கும்: 18 கேஜ் சுமார் 1.2 மிமீ, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7, 24 கேஜ் 0.56. கேஜ் சொல்லாமல் மிமீ சொல்லி வாங்குவது நல்லது. கிலோ கணக்கில்தான் விற்பார்கள், அதனால் தராசே உங்களுக்கு அளவுகோல். உங்கள் 5க்கு 2 அடித் துண்டு 0.8 மிமீ கனத்தில் ஏறக்குறைய 5.9 கிலோ வரவேண்டும். 4 கிலோவுக்கும் கீழே நின்றால் அது 0.5தான்.

சுவருக்கு 0.8 எடுங்கள். கைக்கத்தரியில் 0.5, 0.6 வரை வெட்டலாம், 0.8க்கு மணிக்கட்டு போய்விடும், ஓரமும் நெளியும். ஷீட் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகடு வெட்டும் ஷியரிங் மெஷின் இருக்கும், அங்கேயே வெட்டி வாங்குங்கள், ஓரம் நூல் பிடித்தது போல் வரும். வீட்டில் வெட்டியே ஆகவேண்டும் என்றால் புது 1 மிமீ டிஸ்க், எவர்சில்வருக்கு என்றே தனியாக, வேறு எதற்கும் தொடக்கூடாது.

துளை போடுவதில்தான் எல்லோரும் பிட்டைக் கருக்குகிறார்கள். எவர்சில்வர் தேய்க்கத் தேய்க்க இறுகும் சாதி. வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், அந்த இடம் இன்னும் இறுகிவிடும், அதற்குமேல் எந்த பிட்டும் இறங்காது. 4 மிமீ துளைக்கு நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள், கோபால்ட் பிட், ஒரு சொட்டு எண்ணெய், நன்றாக அழுத்திச் சுருள் சுருளாக வரும்படி. அடியில் மரக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிட் மறுபக்கம் வரும்போது தகட்டைச் சுழற்றிக் கையைக் கிழிக்கும். தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இந்தத் தகட்டின் ஓரம் சவர பிளேடு மாதிரி.

தட்டுக்கு 0.8 கொஞ்சம் கஷ்டம், 0.6 எடுங்கள். இரண்டு எல் ஆங்கிளுக்கு நடுவில் தகட்டை வைத்து இறுக்கி, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடக்குங்கள், ஒரே இடத்தில் அடித்தால் அங்கே விரியும். ஆங்கிளும் இரும்புதான், அதனால் ஃபிலிமை உரிக்காமல் மடக்குங்கள். 90 டிகிரிக்கு மடித்தால் கொஞ்சம் திரும்பி வரும், அதனால் தாண்டி மடிக்கவேண்டும். மூலைகளில் வெட்டுகள் சேரும் புள்ளியில் முதலிலேயே 3 மிமீ துளை போட்டுவிட்டால் கிழியாது. மேல்விளிம்பில் 10 மிமீ உள்பக்கமாக மடித்துப் படுக்க வையுங்கள், கையும் கிழியாது, தட்டும் விறைப்பாக நிற்கும். மூலைக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டுமானால் பட்டறையில் கொடுங்கள், மெல்லிய தகட்டில் பழகாத கை ஓட்டை போட்டுவிடும், சூட்டில் கோணலும் ஆகும். ரிவெட் என்றால் எவர்சில்வர் ரிவெட்தான், இரும்பு ஸ்க்ரூ போட்டால் மறுபடி அதே துரு.

கடற்கரைச்சாலை:
எல்லோருக்கும் நன்றி. எலுமிச்சை உப்பு போட்டுத் தேய்த்ததில் நடுவில் இருந்த புள்ளிகள் முக்கால்வாசி போய்விட்டன, ஓரத்தில் மட்டும் குழி தட்டுப்படுகிறது. ஒரு துண்டைக் கொண்டுபோய் டெஸ்ட் பார்த்தேன், 202 இல்லை, 304தான் என்றார்கள். இத்தனை நாள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், நேற்றுப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். அவரிடமே 0.8 மேட் கேட்டிருக்கிறேன், பில்லில் 304 என்று எழுதித் தருகிறார். ஆசிட் பாட்டிலை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டோம். அண்ணா, பழைய தகட்டின் நல்ல நடுப்பகுதியை வைத்தே அந்தத் தட்டைச் செய்யலாமா?

பட்டறை கோவை:
தாராளமாக. ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவு ஷியரிங்கில் வெட்டி எறிந்துவிட்டு மடியுங்கள். பின்பக்கம் காய்ந்த சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், உளி வேண்டாம்.